அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர்

நாலாங்கிளாஸ் படிக்கும்போது எங்க தெருவுல ஒரு விஷயத்துல மட்டும் யாருக்கும் சந்தேகமே கிடையாது: அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர். அதுல எத்தனை முடிஞ்சிடுச்சுங்கறதுலதான் சண்டை. மூணுன்னு நான் சொல்வேன், அஞ்சுன்னு இன்னொருத்தன் சொல்வான். அவரை உயிரோட மண்ணுல புதைச்ச மேட்சை நாங்க யாரும் பார்த்ததில்லை. ஆனா எல்லாருக்கும் தெரியும். கேன் அவரோட கூடப்பிறந்த தம்பின்னும் சத்தியமா நம்பினோம்.

டிவியில டென் ஸ்போர்ட்ஸ், பாக்கெட்டுல டிரம்ப் கார்டு. பதிமூணாம் வாய்ப்பாடு மறந்தாலும் பிக் ஷோவோட வெயிட் மறக்காது.

2013 மே லீவு. தெருவுல வீடு கட்ட மணல் கொட்டியிருந்தாங்க. அதுதான் எங்க ரிங். உயரமா இருந்ததால நான்தான் அண்டர்டேக்கர். கண்ணை மேல சொருகி வெள்ளையா காட்டவும் எனக்கு வரும். எதிர்வீட்டுப் பையன் என்னைவிட ரெண்டு வயசு சின்னவன், எப்பவும் தோக்குறவன். அன்னிக்கு, "அண்ணா, இன்னிக்காவது நான் ஜான் சீனாண்ணா"ன்னு கெஞ்சினான். சரின்னேன். அப்புறம் கழுத்தைப் பிடிச்சுத் தூக்கி, சோக்ஸ்லாம் போட்டேன்.

மணல்ல விழல. பக்கத்துல இருந்த ஜல்லி மேல விழுந்தான்.

நான் ஓடிப்போய் தூக்கல. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணினேன். எழுந்திருவான்னு நிஜமாவே நம்பினேன்.

முழங்கை உடைஞ்சிருந்தது. அவங்க அம்மா ஓடி வந்து கேட்டப்ப, "ஓடும்போது தடுக்கி விழுந்துட்டான் ஆன்ட்டி"ன்னு சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான். "ஆமாம்மா"ன்னான்.

அடுத்த வருஷம் ஏப்ரல்ல, ரெஸில்மேனியா 30-ல பிராக் லெஸ்னர் அண்டர்டேக்கரைத் தோக்கடிச்சார். ரெஸில்மேனியாவுல 21 மேட்ச் தோக்காதவர். எங்க தெருவே இழவு வீடு மாதிரி இருந்தது. அவன்தான் வந்து கேட்டான், "திரும்பி வருவார்லண்ணா?" "வருவார்டா"ன்னேன். 2015-ல வந்தார், ஜெயிச்சார். 2020-ல ரிட்டயர் ஆனார். கேன் தம்பியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவர் பேர் கிளென் ஜேக்கப்ஸ், 2018-ல அமெரிக்காவுல நாக்ஸ் கவுண்டிக்கு மேயர் ஆனார்.

மெக்கானிக்கல் சேர்ந்தப்புறம், ஸ்ட்ரெஸ்னா விசையை பரப்பால வகுக்கணும்னு சார் போர்டுல எழுதினார். எனக்கு அந்த ஜல்லிதான் ஞாபகம் வந்தது. ரிங்ல கேன்வாஸ், கீழ ஃபோம், அதுக்குக் கீழ வளைஞ்சு கொடுக்கிற பலகை. விழறவர் தாடையை நெஞ்சோட ஒட்டி, முதுகு முழுக்கப் படற மாதிரி விழுவார். தூக்கும்போது அவரே எம்பியும் கொடுப்பார். என் ஜான் சீனா ஒத்த முழங்கையில விழுந்தான்.

போன பொங்கலுக்கு அவங்க வீட்டுக்குப் போனேன். அவன் இப்ப காலேஜ் ரெண்டாம் வருஷம். பொங்கல் தட்டை நீட்டினான். கை இன்னும் முழுசா நீளல. அதுக்கு மேல என்னால முடியல. ஆன்ட்டிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்பா. தடுக்கி விழுந்தவன் கழுத்துல எப்படி விரல் தடம் வரும்?"

"அப்ப ஏன் ஆன்ட்டி கேக்கல?"

"அண்ணாவைத் திட்டாதம்மான்னு ஆஸ்பத்திரி போற வழியெல்லாம் அழுதான். சரி, நீயே ஒருநாள் வந்து சொல்லுவேன்னு விட்டுட்டேன்."

பதினோரு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு ஆன்ட்டி. ஸாரி.