கூட்டும் அணியும்

தேர்தல் நெருங்கினால் நாம் அதிகம் கேட்கும் சொல் 'கூட்டணி'. கூட்டு, அணி என்னும் இரு சொற்களின் புணர்ச்சி அது. கூட்டு என்பது கலத்தலும் பகிர்தலும். பருப்பும் காயுமாக நம் இலையிலும் ஒரு கூட்டு உண்டு. அணி என்பதோ வரிசை, படையின் ஒழுங்கு. 1989இல் ஆட்சி அமைத்த தேசிய முன்னணி, 1996இன் ஐக்கிய முன்னணி ஆகியவற்றின் பெயரிலும் அணியே இருந்தது. 1998இல் தேசிய ஜனநாயகக் கூட்டணி, 2004இல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி என்று பெயர்கள் மாறியபோது கூட்டும் வந்து சேர்ந்தது. ஈழத்திலோ 1976இலேயே தமிழர் விடுதலைக் கூட்டணி இருந்தது.

ஓசூரில் தமிழ் கற்பிக்கும் நமக்கு ஒரு வசதி உண்டு. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் மாணவர்கள் வகுப்பில் பலர். இச்சொல்லைப் பிரித்துக் காட்டிய அன்று, தெலுங்கில் 'கூட்டமி' என்பார்கள் என்றார் ஒருவர். நம்முடைய 'கூடு' என்னும் வேர்தான். சிப்காட் ஆலைகளுக்கு வந்திருக்கும் வடநாட்டுத் தொழிலாளர்கள் 'கட்பந்தன்' என்பார்கள். மணமக்களின் ஆடை முனைகளை முடிச்சிடும் சடங்குக்கும் அதுவே பெயர். கன்னடத்தில் 'மைத்ரி', அதாவது நட்பு, என்ற மாணவி தொடர்ந்து கேட்டார்: "நட்புக்கு எதிரி தேவையில்லையே ஐயா, அணிக்கு மட்டும் ஏன் தேவைப்படுகிறது?"

நியாயமான கேள்வி. தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனை எதிர்க்கச் சேரன், சோழன், வேளிர் ஐவர் என எழுவர் ஒன்றுசேர்ந்தனர். அவர்களைப் பிணைத்தது பொதுப்பகை.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜியின் வாழ்வில் இரண்டையும் காணலாம். 1952இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. ஆட்சி அமைத்த இராஜாஜி, ஆதரவளித்த காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கரை அமைச்சராக்கினார். அது கூட்டு. 1967இல் அவருடைய சுதந்திராக் கட்சி தி.மு.க.வோடு நின்று காங்கிரசை வீழ்த்தியது, அமைச்சரவையோ தி.மு.க.வுடையது மட்டுமே. அது அணி. 2006இல் 234 இடங்களில் 96 மட்டுமே பெற்ற தி.மு.க., தோழமைக் கட்சிகள் வெளியிலிருந்து தாங்கத் தனித்தே ஆண்டது. 1967 முதல் 2021 வரை அமைந்த அரசுகள் எல்லாம் ஒரு கட்சி அரசுகளே.

எல்லைக்கு அப்பால், அத்திப்பள்ளியைத் தாண்டினால், 2004, 2006, 2018 என மூன்று முறை கட்சிகள் அமைச்சரவையைப் பகிர்ந்துகொண்டன. மூன்றும் முழுப் பதவிக்காலம் நிலைக்கவில்லை. 2018இன் மைத்ரி அரசு பதினான்கே மாதங்களில் கவிழ்ந்தது. ஆகவே, நட்பு என்று பெயரிட்டால் நட்பு வந்துவிடாது. ஆனால் அங்கே முறிந்ததை, முறிந்தது என்று சொல்லவாவது முடிந்தது. பகிரப்படாத இடத்தில் முறிவதற்கு என்ன இருக்கிறது?

சிறிய கட்சிக்கு வாக்களிப்பவரும் தம் ஊரின் குடிநீருக்காகவும் வேலைக்காகவும்தான் வாக்களிக்கிறார். வாக்கு எண்ணிக்கை முடிந்ததும் அணியின் வேலை முடிந்துவிடுகிறது. அவருக்கு வேண்டிய கூட்டு அப்போதுதான் தொடங்கியாக வேண்டும். முதல் வாக்கை எதிர்நோக்கியிருந்த மாணவர்களிடம், சொல்லின் பின்பாதியைப் போலவே முன்பாதியையும் கேட்டு வாங்குங்கள் என்று மட்டும் சொல்லி அடுத்த பாடத்துக்குப் போனோம்.