சர்வரின் மகன்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்

'சர்வர்' என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது கணிப்பொறி வகுப்பில் அல்ல. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்திற்கு எதிரேயுள்ள ஓட்டலில். இருபத்திரண்டு ஆண்டுகளாக என் தந்தையார் அங்கே சர்வராகப் பணிபுரிகிறார். ஆனால் கல்லூரியில் சேர்ந்த அன்று, விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் நான் 'வியாபாரம்' என்று எழுதினேன். எங்கள் குடும்பத்திலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள், அப்படியேறி எழுதிய முதல் பொய் அது!

முதலாண்டில் பேராசிரியர், "சர்வர் என்றால் என்ன?" என்று வினவினார். "சாம்பார் ஊற்றுபவர், ஐயா!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு நெடுநாள் என் நெஞ்சில் முள்ளாய் உறுத்திற்று.

சென்ற பருவத் தேர்வுக்கு முந்தைய இரவு, கைப்பேசியில் பாடக் காணொலி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் ஒரு கணம் தெளிவாகவும் மறுகணம் மங்கலாகவும் ஓடி, பின் நின்றே போயிற்று. வேலை முடிந்து வந்து அமர்ந்த தந்தையார், "ஏம்ப்பா நின்னு போச்சு?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

காணொலி முழுதாக ஒரே முறையில் வருவதில்லை. சில வினாடிகள் ஓடும் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் சர்வரில் வைத்திருப்பார்கள். பாதை விரைவாக இருந்தால் உயர்ந்த தரம்; நெரிசலானால் தாழ்ந்த தரம். எது வேண்டும் என்று முடிவு செய்வது பெரும்பாலும் கைப்பேசியே. 2012இல் பன்னாட்டுத் தரமாக வெளிவந்த 'டேஷ்' முறையிலும் அப்படித்தான். கேட்டதைக் கொடுப்பதோடு சர்வரின் கடமை தீர்ந்தது. ஆனால் ஒரே இணைப்பில் ஐவர் பார்த்தால்? ஒரு கைப்பேசி ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து மற்றொன்று, பாதை காலி என்றெண்ணிப் பெரிய துண்டைக் கேட்கும். பிறகு எல்லாருக்கும் திண்டாட்டம்!

தந்தையார் சிரித்தார். "கேக்குறவன் கேக்கட்டும்னு நின்னா அவன் நல்ல சர்வரே இல்லப்பா. இலையையும் பாக்கணும், வாளியையும் பாக்கணும். இலை காலியாகுறதுக்கு முன்னாடியே போய் நிக்கணும். போதும்னு கையை மறைச்சா ஊத்தக் கூடாது. என்ன, முப்பது இலையை ஒருத்தனே பாக்கணும்னா கொஞ்சம் தடுமாறும்."

நான் திகைத்துப் போனேன். மறுவாரம் துறைக் கணிப்பொறியில் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 'பஃபர்' என்னும் ஆய்வுத் தளத்தை 2019இல் மக்களுக்குத் திறந்தனர். அங்கே தரத்தை முடிவு செய்வது சர்வரே! தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் ஏறத்தாழ இரண்டு வினாடித் துண்டுகளாகப் பத்துத் தரங்களில் காத்திருக்கும். அனுப்பியது போய்ச்சேர எவ்வளவு நேரமாயிற்று, வழியில் எவ்வளவு தேங்கியிருக்கிறது, பார்ப்பவரிடம் எத்தனை வினாடி கையிருப்பு உள்ளது என்பவற்றைப் பார்த்துச் சர்வர் அடுத்த துண்டைத் தேர்ந்தெடுக்கிறது. 63,508 பேருக்கு அனுப்பிக் கண்ட முடிவுகளை 2020இல் வெளியிட்டனர். நுட்பமான முறைகள் சில, கையிருப்பை மட்டும் பார்க்கும் எளிய முறையை விஞ்சவில்லை. விஞ்சிய 'ஃபுகு' என்னும் முறையோ, மெய்யான பார்வையாளர்களுக்கு அனுப்பிய அனுபவத்திலிருந்தே பயின்றது. என் தந்தையாரும் பந்தியில் நின்றுதானே பயின்றார்!

முப்பது இலைத் தடுமாற்றமும் உண்மையே. ஆயிரமாயிரம் பேரைத் தனித்தனியே கவனிப்பது சர்வருக்குப் பெருஞ்சுமை. அதனால்தான் பொறுப்பைக் கைப்பேசியிடம் விட்டார்கள். 2020இல் ஓர் இடைவழியும் வெளிவந்தது. கைப்பேசி ஒவ்வொரு கோரிக்கையோடும் தன் கையிருப்பைக் குறித்தனுப்பும் பொது முறை அது. இலை கண்ணில் பட்டால்தானே பார்த்துப் பரிமாற முடியும்? கேளாமலே அள்ளி அனுப்புவதும் தவறு. பாதியில் எழுந்து போகிறவருக்கு அனுப்பிய துண்டுகள் வீண்; நாளுக்கு இவ்வளவு என்று அளந்து டேட்டா வாங்கும் என்போன்றோருக்கு அது பணம்.

இதையே துறைக் கருத்தரங்கில் பேசினேன். "ஐயா, என் தந்தையார் ஒரு சர்வர்" என்று தொடங்கினேன். யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசை நண்பன் கூட்டம் முடிந்ததும் வந்து என் கையைப் பற்றிக்கொண்டான். மறுநாள் அலுவலகம் சென்று, பதிவேட்டில் தந்தையின் தொழிலைத் திருத்தக் கோரி எழுதிக் கொடுத்தேன்.

நண்பர்களே! நாம் கற்கும் புதுமைகளின் வேர் பல வேளைகளில் நம் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது. அதை மறைப்பவன் கற்றும் கல்லாதவனே. இந்த ஆண்டு மலர் கைக்கு வந்ததும் என் தந்தையாருக்குப் படித்துக் காட்டுவேன். முதல் பத்தியையும் விடாமல் படிப்பேன்.