அப்பாயி கேட்ட கேள்வி

காலை ஆறு மணிக்கு நான் கலையகத்தில் ஒலிவாங்கிக்கு முன் வணக்கம் சொல்லும்போது, எங்கள் வீட்டு அடுப்படியில் இருக்கும் சின்ன வானொலிப் பெட்டியும் விழித்துக்கொள்ளும். அதன் பக்கத்தில் கோப்பிக் குவளையோடு உட்கார்ந்திருப்பார் அப்பாயி, என் அப்பாவின் அம்மா. நான் வீடு திரும்பும்போது விமர்சனம் தயாராக இருக்கும்.

"இன்னைக்கு ரொம்ப வேகமாப் பேசுன கண்ணு. யாரு ஒன்ன வெரட்டுறா?"

எங்கள் வீட்டில் அம்மா கிறிஸ்தவர், அப்பா இந்து. அவர்கள் திருமணத்தின்போது இரு குடும்பத்தாரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்களாம். யாரும் யாரையும் மாற்றப் பார்க்கக் கூடாது, வீட்டில் சாமிப் பேச்சே வேண்டாம் என்பதுதான் அது. நான் அம்மாவோடு தேவாலயத்துக்குப் போய் வளர்ந்தேன். தம்பி அப்பாவோடும் அப்பாயியோடும் சிராங்கூன் சாலைக் கோயிலுக்குப் போய் வளர்ந்தான். தீபாவளி முறுக்கும் கிறிஸ்துமஸ் கேக்கும் ஒரே மேசையில் இருக்கும். சண்டை வந்ததே இல்லை. ஆனால் எங்களில் ஒருவர் மனத்துக்குள் யாரிடம் பேசுகிறார், என்ன பேசுகிறார் என்பது மற்றவருக்குத் தெரியாது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்துமஸ் நள்ளிரவு வழிபாடு முடிந்து நானும் அம்மாவும் வீட்டுக்கு வந்தோம். அம்மா படுக்கப் போய்விட்டார். அப்பாயி மட்டும் கூடத்தில் விழித்திருந்தார்.

"கண்ணு, ஒண்ணு கேக்கணும். நான் பேசுறது ஒங்க சாமிக்குக் கேக்குமா? நான்தான் அங்கெல்லாம் வர்றதே இல்லையே."

எனக்குக் காலையில் சிறப்பு நிகழ்ச்சி. நான்கு மணிக்கு எழுந்தாக வேண்டும். "ஞாயித்துக்கிழமை நிதானமா உக்காந்து பேசுவோம், அப்பாயி" என்றேன். அவரும் தலையாட்டினார்.

அந்த ஞாயிறு மேடை நிகழ்ச்சி ஒன்றைத் தொகுத்து வழங்கப் போனேன். அடுத்த ஞாயிறு தூங்கிவிட்டேன். உண்மையைச் சொன்னால், நேரமின்மை மட்டும் காரணமில்லை. அந்தப் பழைய உடன்பாடு எனக்கு வசதியாக இருந்தது. பேசி வீட்டில் ஏதாவது வந்துவிட்டால்? பிப்ரவரியில் ஒரு காலை, வானொலிப் பெட்டியை யாரும் திருகவில்லை. அப்பாயி தூக்கத்திலேயே போய்விட்டார்.

வாயால் பிழைப்பவள் நான். முகம் தெரியாத நேயர்களிடம் தினமும் நான்கு மணி நேரம் பேசுகிறேன். கூடவே இருந்தவருக்கு ஒரு வரி பதில் சொல்லவில்லை. ஊடகத் துறையில் பட்டம் படித்தபோது முதல் வாரத்திலேயே ஒரு வரைபடம் சொல்லித் தந்தார்கள். அனுப்புநர், செய்தி, ஊடகம், பெறுநர், இடையில் இரைச்சல். அனுப்புநர் பேசவில்லை என்றால் எதுவும் போய்ச் சேராது. தேவாலயத்திலும் ஏறக்குறைய அதையேதான் கேட்டு வளர்ந்தேன். நற்செய்தியைச் சொல்ல வேண்டியவர் சொல்லாவிட்டால், கேட்க வேண்டியவர் எப்படிக் கேட்பார்? இந்த இரண்டு பாடமும் சேர்ந்து என்னைப் பல மாதங்கள் தூங்கவிடவில்லை.

அடுத்த ஆண்டு தோழிகளோடு தென்கொரியாவுக்குப் போனேன். மற்றவர்களைப் போலவே நாங்களும் முகப்பூச்சு வாங்க சோல் நகரின் மியோங்டோங் கடைத்தெருவுக்குப் போனோம். திடீர் மழை. ஒதுங்க இடம் தேடி மேட்டில் ஏறியபோது செங்கல்லால் கட்டிய பெரிய தேவாலயம் ஒன்று நின்றது. 1898இல் கட்டி முடிக்கப்பட்ட மியோங்டோங் பேராலயம். மழை விடும்வரை அங்கே உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து தொடங்கிய ஆர்வத்தில் கொரியத் திருச்சபையின் கதையைத் தேடிப் படித்தேன். நான் படித்த வரைபடத்தை அது தலைகீழாக்கியது.

18ஆம் நூற்றாண்டில் கொரியா வெளிநாட்டவருக்குக் கதவடைத்திருந்த நாடு. பாதிரியார் எவரும் உள்ளே இல்லை. ஆண்டுதோறும் அரசரின் தூதுக்குழு மட்டும் பெய்ஜிங்குக்குப் போய் வரும். போனவர்கள் திரும்பும்போது புத்தகங்களும் கொண்டுவந்தார்கள். அவற்றில் ஒன்று, இத்தாலியப் பாதிரியார் மத்தேயோ ரிச்சி சீன மொழியில் எழுதி 1603இல் வெளியிட்ட நூல். விண்ணகத் தலைவராகிய கடவுளைப் பற்றியது. ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்குப் பிறகு, யி பியோக் என்ற இளம் அறிஞரும் அவருடைய நண்பர்களும் இத்தகைய நூல்களை வைத்துக்கொண்டு விவாதித்தார்கள். அவர்கள் கன்பூசியக் கல்வியில் ஊறியவர்கள். யாரும் அவர்களுக்குப் போதிக்கவில்லை. உண்மை எது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தவிப்பு மட்டுமே இருந்தது.

1783இன் இறுதியில் அவர்களின் நண்பர் யி சுங்-ஹுன், தூதுக்குழுவில் இருந்த தம் தந்தையோடு பெய்ஜிங் போகிறார் என்று தெரிந்ததும், அங்குள்ள பாதிரியார்களைப் பார்த்து விசாரித்து வரும்படி யி பியோக் கேட்டுக்கொண்டார். போனவர் 1784இல் அங்கேயே ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பினார். நண்பர்களுக்கு அவரே ஞானஸ்நானம் கொடுத்தார். நான் மழைக்கு ஒதுங்கிய அந்த மியோங்டோங் பகுதியில்தான், மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் வீட்டில், அவர்கள் கூடி வழிபட்டார்கள்.

அவர்கள் தவறும் செய்தார்கள். பாதிரியார் இல்லாததால் தங்களுக்குள்ளேயே சிலரைப் பாதிரியார்களாக நியமித்துக்கொண்டார்கள். பிறகு இது சரிதானா என்ற சந்தேகம் வர, பெய்ஜிங் ஆயருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்கள். சரியில்லை என்று பதில் வந்ததும் நிறுத்திவிட்டார்கள். தெரியாததைக் கேட்கவும், பதிலை ஏற்றுக்கொள்ளவும் அவர்களுக்கு மனம் இருந்தது.

ஜோ வென்மோ என்ற சீனப் பாதிரியார் 1794இன் இறுதியில் எல்லையிலுள்ள யாலு ஆற்றைக் கடந்து இரகசியமாக உள்ளே நுழைந்தார். முதல் போதகராக வந்தவரை வரவேற்க அங்கே ஏற்கெனவே சுமார் 4,000 விசுவாசிகள் இருந்தார்கள்.

சீன எழுத்துப் படிக்கத் தெரியாத பெண்களுக்கும் எளிய மக்களுக்கும் எட்ட வேண்டும் என்று ஜொங் யாக்-ஜொங் என்ற அறிஞர் கொரிய மொழியிலேயே ஒரு மறைக்கல்வி நூலை எழுதினார். 1801ஆம் ஆண்டு அடக்குமுறையில் அவரும் ஜோ வென்மோவும் கொல்லப்பட்டார்கள். அவ்விருவர் உட்பட 124 கொரிய மறைசாட்சிகளுக்கு 2014இல் போப் பிரான்சிஸ் சோல் நகருக்கே வந்து அருளாளர் பட்டம் அளித்தார்.

என் வரைபடத்தில் பெறுநர் சும்மா உட்கார்ந்து காத்திருப்பவர். இங்கே பெறுநர்களே பனிக்காலத்தில் எல்லை தாண்டிப் போய்ச் செய்தியைத் தேடினார்கள். அவர்களை அப்படித் தேட வைத்தவர் யார்? என் நம்பிக்கையில் அதற்கு ஒரே பதில்தான். போதகர் போய்ச் சேரும் முன்பே கடவுள் அங்கே இருந்தார். பூட்டிய எல்லை அவருக்குத் தடையாக இருக்கவில்லை. அப்படியென்றால் என் மௌனமும் தடையாக இருந்திருக்காது என்று நினைத்தபோது நெஞ்சு கொஞ்சம் லேசானது.

ஆனால் முழுவதும் லேசாகவில்லை. யி சுங்-ஹுன் போய் நின்றபோது பெய்ஜிங்கில் இருந்த பாதிரியார் "அடுத்த ஞாயிறு பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தால்?

ஊர் திரும்பியதும் இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். அவர் அடுப்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். அப்பாயி கேட்ட கேள்வியையும் முதன்முறையாகச் சொன்னேன். அம்மாவின் கை நின்றது.

"என்கிட்டயும் கேட்டிருக்காங்க. தம்பி கைக்குழந்தையா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப. நான் ஜெபம் பண்ணிட்டிருந்தேன். பக்கத்துல வந்து உக்காந்து கேட்டாங்க."

"நீங்க என்னம்மா சொன்னீங்க?"

"கேக்கும் அத்தைன்னேன். அவ்வளவுதான். அப்ப நானும் சொல்லி வைக்கிறேன்னு கண்ண மூடிக்கிட்டாங்க. அதுக்கப்புறம் நான் எதுவும் கேட்டதில்ல. அவங்களும் சொன்னதில்ல."

முப்பது ஆண்டு மௌனத்துக்கு நடுவே ஒரே ஒரு சொல். அதுவும் நான் பள்ளிக்கூடம் போகும் முன்பே போய்ச் சேர்ந்திருக்கிறது. பிறகு ஏன் என்னிடம் மறுபடியும் கேட்டார்? முதுமையில் சந்தேகம் வந்ததோ, தெரிந்த பதிலை என் வாயாலும் கேட்க ஆசைப்பட்டாரோ. அப்பாயி கோயிலுக்குப் போவதைக் கடைசிவரை நிறுத்தவில்லை. அவர் மனத்தில் யாரிடம் என்ன பேசினார் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. அந்தப் பேச்சைக் கேட்டவருக்குத் தெரியும். அதுவரை நிம்மதி.

போன மாதம் ஒருநாள் இரவு பதினொரு மணி. தம்பி என் அறை வாசலில் வந்து நின்றான். "அக்கா, ஜெபம் பண்றியே, யாராச்சும் கேக்குறாங்கன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

மறுநாள் நான்கு மணிக்கு எழ வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். அவன் நம்பிக்கையை மாற்ற நான் எதுவும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். அவன் கோயிலில் என்ன வேண்டிக்கொள்வான் என்பதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பேசி முடிக்க இரண்டு மணி ஆகிவிட்டது.

காலை நிகழ்ச்சியில் இரண்டு இடங்களில் தடுமாறினேன். நேயர்கள் மன்னித்துவிட்டார்கள்.