மேசையும் அலுமாரியும்

எமது வீட்டுக் கணனிக்கு வயது பன்னிரண்டு கடந்துவிட்டது. அதிகாலையில் அதன் பொத்தானை அழுத்திவிட்டு, நாம் முகங்கழுவி, விபூதி தரித்து, தேநீரும் அருந்திவிட்டு வந்தாலும் அது விழித்தபாடிராது. அச்சோம்பலைப் பொறுத்தோம். ஆனால், விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியோடு முடிவுற்றது. அடுத்த பதிப்பை ஏற்கத்தக்க புரோசசர்களின் பட்டியலிலும் எமது பழையதற்கு இடமில்லை. புதியதொன்று வாங்குவதெனத் தீர்மானமாயிற்று.

உடனே வாதமுந் தொடங்கிற்று. உயர்தர வகுப்பிற் பயிலும் மகன், நினைவகம் 32 கிகாபைற்று இருந்தாலன்றிப் பயனில்லை என்றான். கடைக்காரத் தம்பியோ, “சேர், ரெண்டு ரெறாபைற்று ஹார்ட் டிஸ்க் போடுங்கோ, ஆயுளுக்குங் காணும்” என்றார்.

இரண்டையும் ஒரே அளவையால் அளப்பதனால் வரும் மயக்கம் இது. விடைத்தாள் திருத்தும் ஆசிரியருக்கு இவற்றின் பேதம் எளிதில் விளங்கும். நினைவகம் மேசை, சேமிப்பகம் அலுமாரி. மேசை சிறிதாயின், ஒரு கட்டை விரிப்பதற்கு இன்னொரு கட்டை அலுமாரிக்குத் திருப்ப வேண்டும். எமது பழைய மேசை 4 கிகாபைற்று. அலுமாரியோ நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வன்தட்டு. அதன்மீது ஒரு சிறு கை அங்குமிங்கும் ஓடித் தேட வேண்டும். மேசை நிரம்பிய போதெல்லாம் அக்கை ஓடிய ஓட்டமே நாம் ஆண்டுக்கணக்காகக் கேட்ட கரகரப்பு!

ஆகவே முதற்காசை, சுழலும் உறுப்பெதுவுமில்லாத எஸ்.எஸ்.டி. தட்டுக்கே ஒதுக்கினோம். 22 மில்லிமீற்றர் அகலமும் 80 மில்லிமீற்றர் நீளமுமுடைய அச்சிறு பலகையில் 512 கிகாபைற்று அடங்குகின்றது. நினைவகத்திற்தான் கை கடித்தது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்கள் சில்லுகளை வாரிக்கொண்டமையால் 2025இன் பிற்பகுதி தொட்டு அதன் விலை ஏறியிருந்தது. 16 கிகாபைற்றுத் துண்டு ஒன்றையே வாங்கி, அடுத்த பொருத்திடத்தை வெறுமையாய் விட்டோம். எட்டாக இரண்டு இட்டிருப்பின் வேகம் சற்றுக் கூடியிருக்கும்; பின்னர் பெருக்க இடமிராது. மகனின் முகம் வாடியது. சம்பளத் திகதி வரட்டும் என்றோம்.

பழைய நினைவகத் துண்டுகள் புதியதிற் பொருந்தா. அவற்றின் வெட்டே வேறிடத்தில் உளது. “பழசை முழுசாய் இஞ்சை விடுங்கோ சேர், பில்லிலை குறைச்சுவிடுறன்” என்றார் கடைக்காரத் தம்பி. நாமுந் தலையசைத்துவிட்டோம்.

அப்பொழுதுதான் எம் இல்லாள் மெதுவாகச் சொன்னாள்: “இஞ்சாருங்கோ, மாமாவின்ரை குரல் அதுக்குள்ளை எல்லோ கிடக்கு?”

எமக்குத் தூக்கிவாரிப்போட்டது. 2016ஆம் ஆண்டு, எமது தந்தையார் பேரனை மடியிலிருத்தி நரிக்கதை சொல்கையில் பதிந்தது. ஈராண்டில் அவர் காலமானார். வேறு பிரதி கிடையாது. செய்த வேலையை ஈரிடத்தில் வையுங்கள் என்று மாணாக்கருக்கு ஆண்டுதோறும் உபதேசிக்கும் நாம், பில்லிற் குறையும் சில ஆயிரத்துக்காக அதைக் கைநழுவ விட இருந்தோம்!

வன்தட்டை அவ்விடத்திலேயே கழற்றுவித்து, கைக்குட்டையிற் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அதன் வடம் புதிய கணனியிலும் பொருந்தியது. பழைய வினாத்தாள்களெல்லாம் விரைவாய் வந்தன. ஒளிப்படக் கோவையில் மட்டும் தட்டு கிர், கிர் என்று தடுமாறி நின்றது. நாற்பது நிமிடம் ஒருவரும் பேசவில்லை. புதிய தட்டில் ஒன்று, தனியாக வாங்கிய வெளித்தட்டில் ஒன்று எனப் பிரதிகள் எடுத்தோம். எஸ்.எஸ்.டி.யும் சிரஞ்சீவியன்று, நெடுங்காலம் மின்சாரமின்றிக் கிடந்தால் எழுதியதை இழக்கவுங்கூடும்.

கோவையைத் திறந்தோம். நரி வந்தது, இடையே தென்னமட்டை விழும் சத்தமும், பேரனின் சிரிப்பும். அடுக்களையிலிருந்து அம்மா வந்து கதவருகே நின்றா.

“இன்னொருக்காப் போடு, தம்பி” என்றா.