அம்மா கேட்ட கேள்விக்குப் பதில்

அன்புள்ள அக்காவுக்கு,

சென்னையிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் குடும்பத்தோடு போய் வரலாம் என்று மாமா ஆசைப்படுவதையும், அம்மா மட்டும் பிடிவாதமாக மறுப்பதையும் எழுதியிருந்தாய். போனில் பேசிவிடலாம் என்றுதான் நினைத்தேன். நான் வேலை பார்க்கும் கப்பலில், நடுக்கடலில் நெட் அறுந்து அறுந்து வருகிறது, காசும் அதிகம். பாதிப் பேச்சைக் கேட்டு அம்மா இன்னும் பயந்துவிடக் கூடாதே என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

"தேக்கடியில ரெண்டு தட்டுப் படகே கவுந்துபோச்சு, பதினோரு மாடிக் கப்பல் எப்படிடா நிக்கும்?" என்று கேட்டிருக்கிறாள். நல்ல கேள்வி. கப்பலுக்கு டிக்கெட் எடுப்பவர்கள் நீச்சல் குளம் இருக்கிறதா, எத்தனை வகைச் சாப்பாடு என்றுதான் கேட்பார்கள். நம் அம்மா கேட்டதைத்தான் கப்பல் கட்டுகிறவன் முதலில் யோசிக்கிறான்.

2009 செப்டம்பர் 30-ஐ நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பெரியாறு ஏரியில் 'ஜலகன்யகா' படகு கவிழ்ந்து 45 பேர் செத்தார்கள். கரையில் மிருகத்தைப் பார்த்ததும் ஜனங்கள் ஒரே பக்கமாக ஒதுங்கினார்கள், படகு சாய்ந்துவிட்டது என்று அன்றைக்கு எல்லோரும் பேசிக்கொண்டோம். ஜனங்கள் நகர்ந்ததை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. வேடிக்கை காட்டக் கூட்டிப்போகிற படகில் ஆட்கள் எழுந்து ஒரு பக்கமாக ஓடத்தான் செய்வார்கள். அதைத் தாங்குகிற மாதிரி படகு இருக்க வேண்டும்.

ஒரு படகு சாயும்போது, சாய்ந்த பக்கம் தண்ணீருக்குள் கூடுதலாக இறங்குகிறது. அப்படி இறங்கிய பக்கத்தைத் தண்ணீர் மேலே தள்ளுகிறது, படகு நிமிர்ந்துகொள்கிறது. எடையெல்லாம் கீழே இருக்கும்வரைதான் இந்தக் கணக்கு சரிவரும். சின்னப் படகில் ஆட்களின் எடை படகின் எடைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். அத்தனை பேரும் மேல் தட்டில் ஏறி ஒரு ஓரமாக நின்றால், தண்ணீர் தள்ளுவது போதாது.

நீங்கள் போவதாகச் சொன்ன 'எம்ப்ரஸ்' கப்பலில் நான் வேலை பார்த்ததில்லை, அதன் வரலாறு தெரியும். 1990-ல் பிரான்சின் செயின்ட் நசேர் துறையில் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் கட்டியது. மூன்று நாள், நான்கு நாள் பயணத்துக்கென்றே வடிவமைத்த கப்பல். நீளம் 210 மீட்டர். 2022 ஜூனில்தான் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கியது. 48,000 டன் என்று போட்டிருப்பதைப் பார்த்து மாமா மலைத்துப்போனாராமே, அது எடை இல்லை. கப்பலுக்குள் எவ்வளவு இடம் அடைபட்டிருக்கிறது என்பதன் கணக்கு அது. உண்மையான எடை அதைவிடக் குறைவு. இருந்தாலும் கப்பல் கொள்ளும் 1,800 பயணிகளும் ஒரே பக்கம் போய் நின்றால்கூட 120 டன்தான் தேறும். கப்பலோ அதைப் போல நூறு மடங்குக்கு மேல். யானையே வந்து கரையில் நின்றாலும் அது அசையாது என்று அம்மாவிடம் சொல்.

இனி அடிப்பகுதி. வெளியே தெரியாத பகுதி, நான் எலக்ட்ரீஷியனாக வேலை பார்க்கும் இடமும் அதுதான். கப்பலின் தரைக்குக் கீழே இன்னொரு தரை உண்டு. இரண்டுக்கும் நடுவே தொட்டிகள். குடிதண்ணீர், டீசல் போக, மற்றதில் வெறும் கடல் தண்ணீரை ஏற்றி வைப்போம், அதுதான் பலாஸ்ட். ஓட ஓட டீசலும் குடிதண்ணீரும் செலவாகி அடிப்பாரம் குறையும். அதை ஈடுகட்டக் கடல் தண்ணீரை உள்ளே எடுப்போம். இதில் ஒரு நுணுக்கம்: தொட்டி பாதி நிறைந்து இருக்கக் கூடாது. கப்பல் சாயும் பக்கமெல்லாம் உள்ளே இருக்கும் தண்ணீரும் ஓடி, சாய்வைக் கூட்டிவிடும். அதனால் கூடியவரை தொட்டி முழுசாக இருக்கும், இல்லாவிட்டால் காலியாக இருக்கும். மேல் தளத்து நீச்சல் குளத்துக்கும் இதே தொல்லை. கடல் ரொம்ப ஆடினால் குளத்தை வடித்துவிடுவார்கள். உன் சின்னவன் குளிக்கக் கிளம்பும்போது அது வறண்டு கிடந்தால் ஏமாந்து அழுவான், முன்கூட்டியே சொல்லி வை.

எஞ்சின், ஜெனரேட்டர், ஏசி பிளான்ட், குளிர் அறைகள், அரிசி மூட்டை எல்லாமே அடியில்தான். மேலே வருவதெல்லாம் ரூம், கண்ணாடி, நாற்காலி. சில கப்பல்களில் மேல் தளங்களை இரும்பில் கட்டாமல், எடை குறைய அலுமினியத்தில் கட்டுவார்கள். பார்வைக்குத்தான் பதினோரு மாடி, பாரம் முழுவதும் காலடியில்.

கப்பலின் வயிற்றைக் குறுக்கே தடுத்து வரிசையாக இரும்புச் சுவர்கள் இருக்கின்றன. அவற்றில் தண்ணீர் புகாத கதவுகள். மேலே கப்பலை ஓட்டும் இடமான பிரிட்ஜில் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் மூடிக்கொள்ளும். நம் வயல் வரப்பு மாதிரிதான், அக்கா. ஒரு வயலில் உடைப்பு எடுத்தால் அடுத்த வயல் தப்பிக்கும்.

அடுத்த பத்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே, நீ மட்டும் படி. ஒரே நேரத்தில் நாலைந்து வரப்பு உடைந்தால் எந்த வயலும் தப்பாது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியில் ஜில்யோ தீவுப் பக்கம் 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் உரசி நீளத்துக்குக் கிழிந்தது. அடுத்தடுத்த அறைகளில் தண்ணீர் ஏறிச் சாய்ந்தது. 32 பேர் போனார்கள். அதில் நம் நாட்டு ஊழியர் ஒருவரும் உண்டு, அவர் உடல் 2014 நவம்பரில்தான் கிடைத்தது. அன்று மாலை ஏறிய பயணிகள் பலருக்கு அவசரப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு உலக விதி மாறியது. கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனோ பயிற்சி கொடுத்தாக வேண்டும். டைட்டானிக் மூழ்கியது 1912-ல், உயிர்காப்புப் படகுகளுக்கான முதல் உலக ஒப்பந்தம் வந்தது 1914-ல். கடல் விதி ஒவ்வொன்றும் யாரோ செத்த பிறகு எழுதியதுதான். அதனால்தான் நான் எதையும் அலட்சியமாக எடுப்பதில்லை.

இனி வாசித்துக் காட்டலாம். கப்பலின் இரண்டு ஓரத்திலும் ஆரஞ்சும் மஞ்சளுமாகத் தொங்குபவைதான் உயிர்காப்புப் படகுகள். கப்பல் 20 டிகிரி சாய்ந்திருந்தாலும் அவற்றைக் கீழே இறக்க முடியவேண்டும் என்பது விதி. ஏழு தடவை குட்டையாகவும் ஒரு தடவை நீளமாகவும் சங்கு ஊதினால், அவசரத்தில் எல்லோரும் கூடும் இடமான மஸ்டர் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். உங்கள் ரூம் கதவின் உள்பக்கம் எந்த இடம் என்று போட்டிருக்கும்.

கப்பல் ஆடுமா என்று உன் பெரியவள் கேட்டாளாமே. ஜூன் மாதம் போனால் தென்மேற்குக் காற்று, கொஞ்சம் ஆடும். பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கவென்று தண்ணீருக்கடியில் இரண்டு பக்கமும் இறக்கை வைத்திருக்கிறார்கள், ஸ்டெபிலைசர் என்பார்கள். கப்பல் ஓடும்போது அவை மேலும் கீழும் திரும்பி ஆட்டத்தை அடக்கும், துறைக்குப் பக்கத்தில் உள்ளே மடங்கிக்கொள்ளும். முன்னும் பின்னும் தூக்கிப்போடுகிற ஆட்டத்துக்கு இன்றுவரை நல்ல மருந்து இல்லை. கப்பலின் முனையிலும் வாலிலும் அது கூடுதல், நடுவில் குறைவு.

முன்முனையில் தண்ணீருக்கடியில் உருண்டையாக ஒரு மூக்கு துருத்திக்கொண்டிருக்கும். அது முன்கூட்டியே ஒரு அலையை எழுப்பி, கப்பல் எழுப்பும் அலையைத் தணித்துவிடும். டீசல் மிச்சமாகும். பின்னால் புரொப்பெல்லர். பழைய கப்பல்களில் எஞ்சினிலிருந்து நீளமான தண்டு போய் அதைச் சுழற்றும், திருப்ப சுக்கான். எங்கள் கப்பலில் டீசல் ஜெனரேட்டர்கள் கரண்ட் உண்டாக்கும், வெளியே தண்ணீருக்குள் தொங்கும் பெரிய மோட்டார் புரொப்பெல்லரைச் சுழற்றும். அந்த மோட்டாரே எந்தப் பக்கமும் திரும்பும், சுக்கானே கிடையாது. அதே கரண்டில்தான் லைட்டும், ஏசியும், சமையலும். எலக்ட்ரீஷியன் வேலையை நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வது இதனால்தான். துறையில் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளி ஒட்ட முன்பகுதியில் குறுக்கே ஒரு குழாய், அதற்குள்ளும் புரொப்பெல்லர். விடியற்காலையில் அது ஓடினால் முன்பக்கக் கீழ் ரூம்களில் தூங்குகிறவர்கள் அலறி எழுந்திருப்பார்கள்.

மேலே முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாக இருப்பது பிரிட்ஜ். அங்கிருந்துதான் கப்பலை ஓட்டுவார்கள், பயணிகளை விடமாட்டார்கள். துறைமுகத்தை விட்டு வெளியே வரும்வரை உள்ளூர்ப் பைலட் ஒருவர் கூட இருந்து வழிசொல்வார். பிறகு கப்பலின் பக்கவாட்டுச் சின்னக் கதவு வழியாக ஏணியில் இறங்கி, ஓடிக்கொண்டிருக்கும் படகுக்குத் தாவுவார். கிளம்பும் நேரத்தில் பிள்ளைகளை ஓரத்துத் தளத்தில் நிறுத்து, சர்க்கஸை மிஞ்சும்.

குடிதண்ணீருக்குக் கவலை வேண்டாம். கடல் தண்ணீரை எஞ்சின் சூட்டில் ஆவியாக்கிக் குளிரவைத்தும், ஆர்ஓ வைத்தும் கப்பலிலேயே எடுக்கிறோம். கழிவறை மட்டும் காற்றில் உறிஞ்சுகிற வகை. கண்டதைப் போட்டால் ஒரு ரூமோடு போகாது, ஒரு வரிசையே அடைத்துக்கொள்ளும். கீழே இருக்கும் ஆட்களை நினைத்து, பிள்ளைகளைக் கண்டித்து வை.



ரூம் போடும்போது கவனி. நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் கேள். நீச்சல் குளத்துக்கு நேர் கீழே வேண்டாம், விடிந்ததும் நாற்காலி இழுக்கும் சத்தம் மண்டையைப் பிளக்கும். தியேட்டருக்குப் பக்கத்திலும் வேண்டாம். பால்கனிக்குக் காசு கொடுக்காதே, அம்மா அதன் கதவையே திறக்கமாட்டாள். பெட்டியில் அயர்ன் பாக்ஸ், தண்ணி சுடவைக்கிற காயில், கற்பூரம், சாம்பிராணி எதுவும் கூடாது. கப்பலில் தண்ணீரைவிட நெருப்புக்குத்தான் நாங்கள் அதிகம் பயப்படுகிறோம். சாமி கும்பிட வேண்டுமென்றால் அம்மா கைகூப்பினால் போதும். இலங்கை போகிற பயணமென்றால் பாஸ்போர்ட் வேண்டும், அதை இப்போதே பார்த்துக்கொள். போடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு ரயில் இருக்கிறது, தேனியில் ஏறிக்கொள்ளுங்கள். துறைமுகம் சென்ட்ரலிலிருந்து பக்கம்தான். ஆனால் கப்பல் கிளம்பும் நாளுக்கு முந்தின நாளே சென்னை போய்ச் சேர்ந்துவிடுங்கள், ரயில் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

ஒன்றே ஒன்றை எனக்காகச் செய். அந்த அவசரப் பயிற்சிக்கு எல்லோரும் போங்கள். மாமா "அதெல்லாம் எதுக்கு" என்று சாப்பாட்டு வரிசைக்கு நழுவப் பார்ப்பார், விடாதே. ரூமிலிருந்து மஸ்டர் ஸ்டேஷன் வரை அம்மாவைக் கைபிடித்து ஒரு தடவை படிக்கட்டில் நடத்திக் கூட்டிப்போ. அவசரத்தில் லிஃப்ட்டில் ஏறக் கூடாது. அம்மாவின் முட்டிவலிக்கு எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பார்த்துக்கொள். ரூம் நம்பர் கிடைத்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் தம்பி