கேசட் மாதிரியே

முத்தியால்பேட்டையில் ஆட்டோ நுழையாத ஒரு சந்து. அதில் ஒரு வீட்டின் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது கிடார் பழுதுபார்க்கும் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. ஒரு மேசை, ஒரு ட்யூப் லைட், சுவர் நிறைய ஆணியடித்து மாட்டிய கிடார்கள். புதுச்சேரியில் வேலை முடிந்து வந்து, கல்லூரி விட்டு வந்து, ஆசைக்காகக் கிடாரும் பேஸும் வாசிக்கிறவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று விசாரித்தபோது, எல்லோரும் கைகாட்டியது இந்த இடத்தைத்தான். பட்டறைக்காரர், ஆர்மோனியத்துக்குத் துருத்தி மாற்றித் தொழில் பழகியவர். வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவர் மாஸ்டர்.

நான் போன மாலை, ஒரு பையன் தன் பேஸ் கிடாரைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான்.

“மாஸ்டர், பிக்கப் மாத்திடலாமா? ரெக்கார்டுல வர்ற அந்த சவுண்டு இதுல வரவே மாட்டேங்குது.”

அவர் பதில் சொல்லவில்லை. தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும் கடைசி ஃப்ரெட்டில் இன்னொரு கையாலும் அழுத்திக்கொண்டு, குனிந்து நடுவில் பார்த்தார். கம்பிக்கும் ஏழாவது ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் போதும். இதில் ஏழெட்டு கார்டை அடுக்கிச் செருகலாம். பேஸ் கம்பி நான்கும் சேர்ந்து 70 கிலோவுக்குக் குறையாமல் கழுத்தை இழுக்கின்றன. அதோடு கடற்கரை ஊரின் ஈரக்காற்றும் சேர்ந்தால் மரம் முன்னால் வளைந்துகொடுக்கும். உள்ளே ஓடுகிற இரும்புக் கம்பியை, ட்ரஸ் ராடை, ஆலன் கீ போட்டுக் கால் திருப்பு திருப்பினார். கொஞ்ச நேரம் விட்டார். மறுபடி கால் திருப்பு. பிறகு நட்டில் கம்பி உட்காரும் பள்ளங்களை மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, ஊதி, விரலால் தடவிப் பார்த்தார். பிரிட்ஜில் கம்பியின் உயரத்தைக் குறைத்தார். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சுருதி பிசகாமல் நிற்கிறதா என்று ட்யூனர் வைத்து ஒவ்வொரு கம்பியாகச் சரிபார்த்தார்.

“இப்ப வாசி தம்பி.”

பையன் வாசித்தான். அதே பிக்கப், அதே கம்பி. கம்பியை அமுக்கவே பாடுபட்டுக்கொண்டிருந்த விரல்களுக்கு இப்போது சுருதியைக் கவனிக்க அவகாசம் கிடைத்திருந்தது. புது பிக்கப்புக்கு அவன் எடுத்துவந்த பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட மாஸ்டர் கேட்கவில்லை. அதையும் பையன் அடுத்த வாரம் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். எனக்கு அது உறுத்தலாக இருந்தது. பொருளுக்கு யோசிக்காமல் கொடுக்கிறோம். அந்தப் பொருளைப் பேசவைக்கும் கைக்குக் கொடுக்கும்போது மட்டும் தவணை கேட்கிறோம்.

அந்தச் சுவரில் தொங்கியவை பெரும்பாலும் நகல்கள்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கிப்சனை நினைவூட்டும் பெயரும் எழுத்தும் கொண்ட கொல்கத்தாவின் கிவ்சன்தான் நம் நாட்டில் எத்தனையோ பேருக்கு முதல் கிடார். மின்சாரக் கிடார்களில் இரட்டைக் கொம்பு வைத்த வடிவம், லியோ ஃபெண்டர் 1954இல் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் வழி வந்தது. பேஸ்களுக்கு அவருடைய 1951 பிரிசிஷனும் 1960 ஜாஸ் பேஸும்தான் மூதாதையர். இந்த உடல் வடிவங்கள் தனக்கே உரியவை என்று பதிவு செய்துகொள்ள ஃபெண்டர் நிறுவனம் வெகு தாமதமாக முயன்றது. பல பத்தாண்டுகளாக ஊரே அதே வடிவத்தில் செய்து விற்றுவருவதால் இவை பொதுச்சொத்தாகிவிட்டன என்று சொல்லி, 2009இல் அமெரிக்க வணிகச்சின்னத் தீர்ப்பாயம் மறுத்துவிட்டது.

இதைவிட எனக்குப் பிடித்தது ஐபனேஸின் கதை. எழுபதுகளில் அமெரிக்கக் கிடார்களை அச்சு அசலாகச் செய்து விற்ற ஜப்பானியப் பெயர் அது. கிடாரின் தலைப்பகுதி வடிவத்தைக் காப்பியடித்ததாக, கிப்சனை வைத்திருந்த நார்லின் நிறுவனம் 1977இல் ஐபனேஸின் அமெரிக்க விநியோகஸ்தர்மேல் வழக்குப் போட்டது. விவகாரம் சமரசத்தில் முடிந்தது. அதற்குள் நகல் செய்து செய்து கை தேர்ந்துவிட்ட தொழிலாளர்கள் சொந்த வடிவங்களுக்குப் போய்விட்டார்கள். 1987இல் வந்த மெலிந்த உடல்வாகுள்ள சவுண்ட்கியர் பேஸை இன்றைக்கு மற்றவர்கள் பார்த்துச் செய்கிறார்கள்.

சுவரில் இருந்த ஒரு வெளிநாட்டுக் கிடாரை மாஸ்டர் கழற்றிக் காட்டினார். பிரான்சில் இருக்கும் உறவுக்காரர் யாரோ விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது. இந்த ஊரில் பல வீடுகளுக்கு அப்படித்தான் பொருள் வந்து சேரும். “ஒரிஜினல் ஃபாரின்” என்று அதன் சொந்தக்காரர் பெருமையாகச் சொல்வாராம். மாஸ்டர் கட்டைவிரலால் அதன் கறுத்த விரல்பலகையைத் தேய்த்தார்.

“இது தோதகத்தி சார். நம்ம மலை மரம்.”

ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் நாம் சொல்லும் மேற்குத் தொடர்ச்சி மலை மரம் அது. பிரேசில் நாட்டு மரம் கிடைப்பது அருகியபிறகு, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969 முதல் இந்தியத் தோதகத்திக்கு மாறியது. உலகச் சந்தையில் அதற்கு அத்தனை கிராக்கி. 2017 தொடக்கத்தில் தோதகத்தியின் பேரினம் முழுவதும் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது கிடார் வியாபாரமே திணறியது. 2019 இறுதியில்தான் இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள்.

நகல் எது, அசல் எது என்று கருவியை வைத்துக்கொண்டு பேசினால் இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கலாம். வாசிப்பைப் பற்றிப் பேச, மாஸ்டர் என்னை ஒரு பெரியவரிடம் அனுப்பினார். முதலியார்பேட்டையில் வீடு. ஏ.எஃப்.டி. மில்லில் வேலை பார்த்துக்கொண்டே மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தவர். திருவிழா, கல்யாணம், அரசியல் மேடை என்று ஒன்று விடாமல் போனவர்.

நான் போனபோது சமையலறையில் அலுமினியக் குண்டானில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். சுருட்டிப் போட்ட பேஸ் கம்பிகள். நல்ல செட் ஒன்று ஆயிரம் ரூபாயைத் தாண்டும்; உப்புக்காற்றில் சீக்கிரமே மழுங்கிப்போகும். கம்பிச் சுற்றுக்குள் சேர்ந்த வியர்வைப் பிசுக்கும் அழுக்கும் கொதிநீரில் கழன்று மேலே சாம்பல் நிற ஏடாக மிதந்தது. பத்து நிமிடம் கழித்து இடுக்கியால் எடுத்து, பழைய வேட்டித்துணியால் அழுத்தித் துடைத்து, வெயிலில் கொடியில் போட்டார். இன்னும் சில கச்சேரிக்குத் தாங்கும் என்றார். அவர் சொன்ன கச்சேரி இப்போது ஞாயிற்றுக்கிழமைப் பூசை. கத்தோலிக்கக் கோவிலின் பாடகர் குழுவில் வாசிக்கிறார்.

“அப்பல்லாம் எங்களுக்கு ஒரே ஒரு பாராட்டுதான் சார். ‘கேசட் மாதிரியே இருந்துச்சு’ன்னு சொல்லணும். அத சொல்லிட்டா அன்னிக்கு நைட்டு தூக்கம் வராது.”

கேசட் மாதிரியே வாசிப்பது சுலபமில்லை. பேஸின் தடித்த கம்பி நொடிக்கு 41 முறை அதிர்கிறது; வீட்டு டேப்ரெக்கார்டரின் சிறிய ஸ்பீக்கரால் அந்த ஒலியைத் தர முடியாது. அதற்காக ஸ்பீக்கரை மண்பானைக்குள் இறக்கி வைத்துக் கேட்டிருக்கிறார்கள். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டியதில் நாடா இழுபட்டுச் சுருதியே இறங்கிப்போகுமாம். அப்படியும் தாளவாத்தியம் கனமாக விழுகிற இடங்களில் பேஸ் என்ன வாசிக்கிறது என்று பிடிபடாது. அங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“அங்க நாமளே போட்டுக்க வேண்டியதுதான். பாட்டு எங்க போவுதுன்னு தெரியும்ல? அதுக்குத் தக்கன ஒரு வழி.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை எதுவும் இல்லை. குறையை ஒப்புக்கொள்கிற மாதிரிதான் சொன்னார். எனக்கோ, தேடி வந்த விஷயமே அதுதான் என்று பட்டது. காது எட்டாத இடத்தில் அவர் போட்டுக்கொண்ட அந்தச் சில சுரங்கள் முழுக்க அவருடையவை. மற்றவருடைய பாட்டை அத்தனை கவனமாகக் கேட்டிருக்காவிட்டால், விட்டுப்போன இடத்தை நிரப்ப அவருக்குத் தெரிந்திருக்காது.

பழைய வித்வான்களும் இந்த வழியில் போனவர்கள்தான். முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் கட்டினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர்தான் வெள்ளைக்காரர்களின் வயலினைக் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்த முன்னோடி. இளையராஜா தன் அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகப் போன நாட்களில், மக்கள் வாயில் புழங்கிய சினிமா மெட்டுகளில் கட்சிப் பாட்டு பாடினார்கள். பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம், கிடார் வாசிப்பு, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை. அதற்கெல்லாம் பிறகுதான் 1976இல் ‘அன்னக்கிளி’. 1982இல் ‘இளைய நிலா’ பாட்டுக்கு ஆர். சந்திரசேகர் வாசித்த கிடாரை ஒருமுறையாவது முயலாத தமிழ்க் கிடார் மாணவரை நான் பார்த்ததில்லை.

சந்திரசேகரின் பெயராவது பிறகு பரவலாகத் தெரிந்தது. திரைப்பாட்டில் பேஸ் வாசித்தவர்களின் பெயர் வெகுகாலம் கேசட் அட்டையில் வந்ததில்லை. ஏ.ஆர். ரஹ்மான் வாத்தியக் கலைஞர்களின் பெயரை அட்டையில் அச்சிட்டபிறகுதான் கீத் பீட்டர்ஸ் என்று ஒருவர் இருப்பது எங்களுக்குத் தெரியவந்தது என்று பெரியவர் சொன்னார். அமெரிக்காவிலும் இதே கதிதான். மோட்டவுன் நிறுவனத்தின் வெற்றிப்பாடல்கள் பலவற்றுக்குக் கீழே ஓடிய பேஸ், ஜேம்ஸ் ஜேமர்சனுடையது. அவர் பெயர் இசைத்தட்டு உறையில் முதன்முதலாக முறையாக வந்தது 1971இல். அவரிடம் இருந்தது கடையில் யாரும் வாங்கக்கூடிய 1962 பிரிசிஷன் பேஸ். அறுந்தால் ஒழிய கம்பி மாற்ற மாட்டார். வலது கையில் ஆட்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டுவார். அந்த ஒலி வேண்டும் என்று அதே ஆண்டுப் பேஸைத் தேடி லட்சக்கணக்கில் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த விரலைத் தேடி உட்கார்ந்து பழகுகிறவர்கள் குறைவு.

லாசுப்பேட்டையில் ஒரு மொட்டைமாடி அறையில் இளைஞர்கள் நான்கு பேர் ஒத்திகை பார்ப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார்கள். தரையில் வரிசையாக பெடல்கள். இவர்கள் கற்ற விதம் வேறு. எந்த விரல் எந்த ஃப்ரெட்டில் என்று கைப்பேசித் திரையே காட்டிக்கொடுக்கிறது. விரல் நன்றாக ஓடுகிறது. “இந்தப் பாட்டை வேறு சுருதியில் வாசிக்க முடியுமா?” என்று கேட்டதும் இருவர் தயங்கினார்கள். காதுக்கு வேலையே வைக்காமல் காப்பியடிப்பதால் வருகிற கேடு இது. பெரியவரும் காப்பியடித்தார், ஆனால் காதால் அடித்தார்.

அவர்கள் சொந்தப் பாட்டு ஒன்றும் வைத்திருந்தார்கள். வாசித்துக் காட்டினார்கள். முன்கிடாரில் வந்தது எங்கோ கேட்ட ஆங்கிலப் பாட்டின் சாயல். அதை மறைக்கத்தான் அத்தனை பெடலோ என்று தோன்றியது. பேஸ் வாசித்த பையன் மட்டும், இரண்டாவது சரணம் திரும்பும் இடத்தில், படிப்படியாகக் கீழிறங்கி வரும் ஒரு நடையைப் போட்டான். மற்றவர்கள் நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். “டேய், காணிக்கைப் பாட்டு மாதிரி இருக்குடா!” அவன் சம்பா கோவில் பக்கத்துப் பையன், பத்து வயதிலிருந்து பாடகர் குழுவில் வாசிப்பவன். பூசை மக்கள் மொழிக்கு மாறி, கோவிலுக்குள் கிடார் நுழைந்த அறுபதுகளின் பிற்பகுதிக்குப் பிறகு, இந்த ஊரில் கட்டணம் இல்லாத பெரிய கிடார் பள்ளி பாடகர் குழுக்கள்தான். அவன் முகம் சுருங்கி அடுத்த முறை அந்த நடையை விட்டுவிட்டான்.

எனக்குப் பொறுக்கவில்லை. அதைத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். மொத்தப் பாட்டிலும் புதுச்சேரியில் மட்டுமே பிறந்திருக்கக்கூடிய ஒலி அது ஒன்றுதான் என்று அவர்களிடமே சொன்னேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். சொந்தமாக ஒன்று வேண்டும் என்று வெளியே தேடுகிறவர்கள், தங்களுக்குள் ஏற்கனவே ஊறிப்போனதைக் கூச்சப்பட்டுத் துடைத்துவிடுகிறார்கள். பையன் மறுபடி வாசித்தான். டிரம்ஸ்காரர் வேகத்தைக் கொஞ்சம் தணித்துப் பார்த்தார். பொருந்தியது.

ஜூன் 21 அன்று இந்த ஊரில் இசைத் திருவிழா நடக்கிறது. 1982இல் பிரான்சில் தொடங்கியது. அந்த நாட்டில் ஐம்பது லட்சம் பேர் ஏதாவது ஒரு வாத்தியம் வாசிக்கிறார்கள், ஆனால் வெளியே கேட்பதில்லை என்று ஒரு கணக்கெடுப்பில் தெரிந்தது. அவர்களைத் தெருவுக்கு அழைக்கத்தான் பண்பாட்டு அமைச்சர் ஜாக் லாங்கும் அவருடைய இசைத்துறை இயக்குநர் மொரிஸ் ஃப்ளரேவும் அந்த நாளை ஏற்பாடு செய்தார்கள். அடிப்படையில் அது அமெச்சூர்களின் நாள். அந்த மாலையில் இந்த ஊரில் இருக்க வாய்த்தால் நின்று கேளுங்கள். தெரிந்த பாட்டு முடிந்து, பையன்கள் தயக்கத்தோடு “இது எங்க சொந்தப் பாட்டு” என்று அறிவிக்கும்போது நகர்ந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டுப் பரணில் ஒரு கிடார் தூசி படிந்து கிடந்தால், புதிது வாங்க யோசிக்கும் முன் பழுதுபார்ப்பவரிடம் எடுத்துப்போங்கள். அவர் கேட்கிற கூலியை அன்றே கொடுத்துவிடுங்கள்.