அம்மா கணக்கு

அம்மாவின் வைத்தியச் செலவுக்கென்று நான் தனி நோட்டு போட்டிருந்தேன். தணிக்கை அலுவலகத்தில் குப்பை கொட்டுகிறவன். கை சும்மா இருக்காது. ஞாயிறு தோறும் ஸ்ரீரங்கத்திலிருந்து ஊருக்குப் போய், திண்ணையில் உட்கார்ந்து, ஓசூரில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டு வாசிப்பேன்: தில்லைநகர் டாக்டர் ஃபீஸ் இவ்வளவு, ஸ்கேன் இவ்வளவு, மாத்திரை இவ்வளவு. பாதியை அவன் தரவேண்டுமே. அம்மா உள்ளே கட்டிலில் படுத்திருப்பாள். செவிடு இல்லை.

பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது. எங்கள் தெருவில் வாங்காத கிழவி இல்லை. எனக்குத்தான் கௌரவம் இடித்தது. "அதெல்லாம் வேணாம்மா, நல்ல மாத்திரையா நான் வாங்கித் தர்றேன்" என்றேன். வாங்கியும் தந்தேன், விலையையும் சொல்லிக் காட்டினேன். முதல்வர் காப்பீட்டு அட்டையில் வருஷத்துக்கு 5 லட்சம் உண்டு. ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். மாதாமாதம் மருந்துக்கடையில் கரையும் காசுக்கு அது உதவாது. கிராமத்துப் பெரியவர்களை அரிப்பது இந்தச் சில்லறைதான்.

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை வரத் தொடங்கியது. அந்த 1,000 ரூபாயை அம்மா என்னிடம் நீட்டி, "மருந்துக்கு வெச்சுக்கப்பா" என்றாள். வாங்கிக்கொண்டேன். அடுத்தடுத்த மாதங்களிலும். நோட்டில் வரவு என்று எழுதினேன்.

சாப்பாடு குறைந்தது. விடிகாலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொண்டாள். உடம்பெல்லாம் வலி என்றாள். அதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்தேன். எங்கள் ஊருக்குக் கூப்பிடு தூரத்தில் குணசீலம். மனசு சரியில்லாதவர்களை அங்கே பெருமாள் கோயிலில் 48 நாள் தங்கவைப்பார்கள். கத்திக் கூச்சலிடாதவர்களுக்கு ஒன்றுமில்லை என்பது எங்கள் பக்கத்து எண்ணம். இத்தனைக்கும் மத்திய அரசு 1996-97இல் மாவட்ட மனநலத் திட்டத்தைத் தொடங்கிய முதல் நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. அறுபது தாண்டியவர்களில் ஏறக்குறைய பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதாக 2017-18 தேசிய ஆய்வு சொல்கிறது. படித்தவன் நான். படித்தும் வைத்திருந்தேன்.

எதிர்வீட்டுக்கு மாத்திரை கொடுக்க வந்த பெண்தான் சொன்னாள்: "அண்ணே, அம்மா மாத்திரைய ஒடச்சுப் போடுறாங்க, தெரியுமா?" அம்மா மாத்திரை போட்டுவைக்கும் மிளகு டப்பாவைத் திறந்து பார்த்தேன். அரிவாள்மனையில் நறுக்கிய பாதி மாத்திரைகள், சில தூளாகிக் கிடந்தன. "முழுசு எதுக்குப்பா? உனக்கும் பிள்ளைங்க இருக்கு" என்றாள் அம்மா.

புத்தூர் அரசு மருத்துவமனையில் மனநல டாக்டர் முதலில் என்னை வெளியே போகச் சொன்னார். அம்மா வெகுநேரம் பேசியிருக்கிறாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை; பயம். கிளம்பும்போது, "அவங்க எதிர்ல காசுப் பேச்சு எடுக்காதீங்க" என்று மட்டும் சொன்னார் டாக்டர்.

இப்போது சுகருக்கும் பிரஷருக்கும் அரசு மாத்திரைதான், முழுசாகப் போடுகிறாள். தூக்கம் கொஞ்சம் தேவலை. தம்பிக்குக் கணக்கு வாட்ஸப்பில் போகிறது, நோட்டை விட்டபாடில்லை. வரவு வைத்த அந்த ஆயிரங்களைத் திருப்பித் தரவும் இல்லை. கொடுத்தால் மருந்துக்கென்று மறுபடி என்னிடமேதானே நீட்டுவாள் என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.